ராட்டினத்துக்கு இ-பாஸ் கொடுத்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூரில் மலை ரயில் லோகோ ஷெட்டில் 1979-ல் கலாசியாகச் சேர்ந்து, பிட்டராகி, 35 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பத்திரிகைக்கு இதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன், எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று. இந்தத் தடவை விஷயம் கொஞ்சம் பெரியது, பொருட்காட்சி ராட்டினங்களின் பாதுகாப்பு. நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஸ்பிளிட் பின்னைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்ட வேண்டாம்.

கோடை விடுமுறைக்கு மகள் குடும்பம் திருப்பூரிலிருந்து வந்திருந்தது. பேத்திக்கு ஒன்பது வயது. தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சியை அரை மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டாள். அதற்கப்புறம் "அப்புச்சி, கொலம்பஸ்" என்று ஒரே பிடி. பஸ்ஸில் வரும்போதே ஊட்டியில் போட்டிருந்த பொருட்காட்சியின் ராட்டின விளக்கு அவள் கண்ணில் பட்டுவிட்டது. எந்தப் பொருட்காட்சி, எந்த மைதானம் என்று எழுதப்போவதில்லை. ஒருவரை மாட்டிவிடுவதற்காக இதை எழுதவில்லை, இதே சங்கதியை வேறு ஊர்ப் பொருட்காட்சிகளிலும் பார்த்திருக்கிறேன்.

மதியம் ஒரு மழை கொட்டி ஓய்ந்திருந்தது. நாலு மணிக்கு மிஸ்ட் இறங்கி, எதிர்க் கடையே மங்கலாகத் தெரிந்தது. கொலம்பஸ் கப்பலுக்கு வரிசை நீளமாக நின்றதால் எனக்கு வேடிக்கை பார்க்க நிறைய நேரம் கிடைத்தது. பேத்தி கப்பலின் மேல்பக்கத்தைப் பார்த்தாள், நான் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். தொழில் புத்தி அப்படி.

அந்தக் கப்பலை ஆட்டுவது ஒரு டயர். பலருக்கு இது தெரியாது. கப்பலின் அடிவயிற்றில் வளைந்த தகடு ஒன்று இருக்கும். அதற்கு நேர் கீழே, மோட்டார் சுழற்றுகிற டயர். ஆபரேட்டர் லிவரைப் போட்டால் டயர் மேலே எழுந்து தகட்டில் உரசி, கப்பலை ஒரு தள்ளுத் தள்ளும். ஊஞ்சலை நாம் தள்ளுகிற மாதிரிதான், சரியான நேரத்தில் சின்னச் சின்னத் தள்ளு. நிறுத்துவதும் அதே உரசலால்தான். அன்று தகடு முழுக்க ஈரம். ஆபரேட்டர் பையன் நிறுத்துவதற்கு லிவரைப் போடுகிறான், டயர் சர்ரென்று வழுக்குகிறது, கப்பல் அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கிறது. ஆட்டம் முழுசாக அடங்குவதற்குள் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் கத்தினான். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டில் அது யார் காதுக்கும் எட்டவில்லை.

ஈரத்தில் உரசலை நம்பக்கூடாது என்பது எங்கள் ஷெட்டில் முதல் பாடம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதனால்தான் நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினின் பல் சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி வைத்தார்கள். எஞ்சின் கீழே நின்று தள்ளும். மேலே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். டிரைவர் விசில் கொடுத்தால் அவரவர் பெட்டிக்கு அவரவர் கையால் பிரேக் போட வேண்டும். ஒன்று விட்டால் இன்னொன்று பிடிக்கும். 1899-ல் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் வண்டி விட்டவர்களுக்கே இந்த மலையைப் பற்றி இவ்வளவு பயம் இருந்தது.

இனி ஸ்பிளிட் பின் விஷயத்துக்கு வருகிறேன். கப்பலில் உட்கார்ந்ததும் மடிக்கு மேல் ஒரு கம்பி வந்து விழும் அல்லவா, அந்தக் கம்பி இரண்டு பக்கமும் முளையில் மாட்டியிருக்கும். முளையின் நுனியில் ஒரு துளை. அந்தத் துளையில் ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் விரித்துவிட வேண்டும். வரிசையில் நின்ற இடத்திலிருந்து பதினாறு முளை என் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறில் ஸ்பிளிட் பின்னுக்குப் பதில் கட்டுக்கம்பி. அதான், கட்டட வேலையில் கம்பி கட்டுவோமே, அதே கம்பி, இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியிருந்தது. இரண்டில் ஒன்றுமே இல்லை, வெறும் துளை.

ஸ்பிளிட் பின் எடை தாங்குவதில்லை. எடை தாங்குகிற முளை வெளியே நழுவாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. கட்டுக்கம்பியும் ஒரு நாள் இரண்டு நாள் அந்த வேலையைச் செய்யும். ஆனால் கப்பல் போய் வருகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கம்பி அதே இடத்தில் மடங்கி நிமிரும். கம்பியை வெட்டக் கட்டிங் பிளேயர் இல்லாதபோது நாம் என்ன செய்வோம்? கையால் இப்படியும் அப்படியும் மடக்கி ஒடிப்போம். அதைத்தான் அந்தக் கப்பல் நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தது.

பேத்தியை ஏற்றவில்லை. அழுதாள். டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்து மகளிடம் விட்டுவிட்டு ஆபரேட்டர் பையனிடம் போனேன். தேனிப் பக்கத்துப் பையன், இருபது வயது இருக்கும். கோபப்படுவான் என்று நினைத்தேன், இல்லை.

"கழட்டும்போது பின்னெல்லாம் தொலஞ்சு போகுது தாத்தா. ஓனர்ட்ட சொல்லிருக்கோம். வர்ற வரைக்கும் கம்பிதான்."

"எத்தன நாளா?"

"முந்தின ஊர்லருந்து."

ராத்திரி பதினொரு மணிக்கு மூடிவிட்டு அந்தக் கப்பலுக்கு அடியிலேயே தார்ப்பாய் கட்டிப் படுக்கிறார்களாம். ஊட்டிக் குளிரில். அப்படித் தூங்கி எழுந்த பையன் கையில்தான் லிவர் இருக்கிறது. அவன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். மரியாதையான ஆள்தான். நான் ரயில்வேயில் இருந்தவன் என்றதும் நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார், பைலை எடுத்துக் காட்டினார். லேமினேஷன் செய்த தகுதிச் சான்று. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. தேதி பிப்ரவரி மாதம். இடம் என்ற இடத்தில் சமவெளியில் இருக்கிற ஓர் ஊரின் பெயர்.

"இது இந்த ஊருக்குக் கொடுத்தது இல்லைங்களே" என்றேன்.

"அதே மெஷின்தானுங்களே சார்" என்றார்.

ஆசிரியர் அவர்களே, நான் இந்தக் கடிதம் எழுதுவதே இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அது அதே மெஷின் இல்லை. கழற்றி, லாரியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்து, வேறு தரையில், வேறு ஆட்கள், வேறு அவசரத்தில் மறுபடி பூட்டியது எல்லாமே புது மெஷின்தான். ஷெட்டில் ஒரு பிரேக் கட்டையைக் கழற்றி அதையே திரும்ப மாட்டினால்கூட, ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடாமல் எஞ்சினை வெளியே விட மாட்டோம். நேற்று நல்லா ஓடியதே என்று எவனாவது சொன்னால் போர்மேன் முறைப்பார்.

தரையையும் பார்த்தேன். ராட்சத ராட்டினத்தின் நாலு காலில் ஒரு கால் சரிவில் இருந்தது. அதைச் சமன் செய்ய ஸ்லீப்பர் கட்டை ஒன்று, அதன் மேல் இரண்டு பலகை, அப்படியும் பத்தாமல் ஒரு ஓட்டுத் துண்டு. மழைத் தண்ணீர் அந்தக் கட்டைக்கு அடியில்தான் வாய்க்கால் பிடித்து ஓடியது. நீலகிரி மண் ஒரு மழைக்கு எப்படிக் குழையும் என்று இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். பிப்ரவரியில் கையெழுத்துப் போட்ட பொறியாளர் பார்த்தது காய்ந்த கட்டாந்தரை. அவர் போட்டது பொய்க் கையெழுத்து என்று நான் சொல்லவே இல்லை.

ஜெனரேட்டரும் அப்படித்தான். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்று மெல்லிசு, டீசல் எஞ்சின் மூச்சு வாங்கும். கீழே சுளுவாக இழுத்த பாரத்தை மேலே திணறித் திணறி இழுக்கும், நடுவில் நின்றும் போகும். ராட்டினம் ஆள்களோடு மேலே நின்றால் என்ன ஆகும்? 2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ராட்சத சவாரி மேலேயே நின்றுவிட்டது. குழந்தைகளோடு முப்பது பேருக்கு மேல் மணிக்கணக்கில் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்புத் துறை உயரமான ஏணி வண்டியைக் கொண்டுவந்து இறக்கியது. அது சென்னை. இங்கே அப்படி ஒரு வண்டி கீழிருந்து வர வேண்டியிருந்தால் பர்லியாறு தாண்டி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறி, சீசன் நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும்.

2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். நல்லதுதான். மாருதி காரில் நாலு பேர் வந்தால் எங்கிருந்து வருகிறாய், எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்கிறோம். நாலு லாரியில் துண்டு துண்டாக வந்து மைதானத்தில் எழுந்து நிற்கிற ராட்டினத்திடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

சட்டமே இல்லாமல் இல்லை. பொதுமக்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1888-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டார்கள், எங்கள் மலை ரயிலைவிட மூத்தது. கேளிக்கைச் சவாரிகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15475 என்ற தரக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. காகிதத்துக்குப் பஞ்சமில்லை. நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்குச் சிலவற்றை ஞாபகப்படுத்துகிறேன். 2016 மே மாதம் தாம்பரம் பக்கம் ஒரு பூங்காவில் ஊழியர்களே ஏறி உட்கார்ந்து சவாரியைச் சோதனை ஓட்டம் பார்த்தபோது அது உடைந்து ஓர் ஊழியர் இறந்தார். மணல் மூட்டை உட்கார வேண்டிய இடத்தில் மனுஷன் உட்கார்ந்திருந்தார். 2019 ஜூலையில் அகமதாபாத் கங்காரியா ஏரிக்கரையில் ஊசல் சவாரியின் தண்டு முறிந்து உயிர்கள் போயின. 2022 செப்டம்பரில் மொஹாலியில், நம் ஊர் மாதிரியே மைதானத்தில் போட்ட பொருட்காட்சியில், உயரத்திலிருந்து இறங்க வேண்டிய சவாரி இறங்காமல் விழுந்தது.

வெளிநாட்டில் நடக்காதா என்று கேட்பார்கள். நடந்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலக் கண்காட்சி, 2017 ஜூலை, திறந்த முதல் நாள். அதிகாரிகள் சோதித்து அனுமதித்த சவாரி. சாயங்காலம் ஒரு வரிசை இருக்கை அப்படியே பிய்ந்து பறந்தது. 18 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அப்புறம் அதைச் செய்த கம்பெனியே ஆராய்ந்து சொன்னது: தாங்கும் உத்தரத்தின் உள்பக்கத்தில் வருஷக்கணக்கில் துரு பிடித்து, இரும்பின் தடிமனே தேய்ந்துபோய்விட்டது. அந்தக் கண்காட்சி நடக்கிற ஊரின் பெயரும் கொலம்பஸ்தான், இதை என் மருமகன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்துருவுக்கு இந்த மலையைவிடத் தோதான இடம் கிடையாது. ராத்திரியெல்லாம் பனி, காலையில் வெயில், மதியம் மழை. குழாயின் வாய் திறந்திருந்தால் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். இப்போது அதைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் கருவி இருக்கிறது. நாங்கள் சுத்தியால் தட்டுவோம். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், செத்த இரும்பு பொத்தென்று சொல்லும். கீறல் இருக்கிறதா என்று பார்க்க, மண்ணெண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, துடைத்துவிட்டு, சாக்பீஸைத் தேய்ப்போம். கீறல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் மெல்லக் கசிந்து வந்து, வெள்ளையில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயும் ஒரு பெட்டி சாக்பீஸும் இருந்தால் போதும். செய்வதற்கு ஓர் ஆளும், செய்ய ஒரு மணி நேரமும் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சீசனில் யாரும் தருவதில்லை.

தர முடியும் என்பதற்குப் பழனியே சாட்சி. மலைக் கோயில் ரோப் காரைத் தினமும் மதியம் ஒரு மணி நேரம் நிறுத்துகிறார்கள். மாதத்துக்கு ஒரு நாள் நிறுத்துகிறார்கள். வருஷத்துக்கு ஒரு மாதம் போல நிறுத்தி, கம்பிவடத்தைச் சோதித்து, பெட்டிகளில் ஆள்களுக்குப் பதில் எடைக்கல் வைத்து ஓட்டிப் பார்த்த பிறகே பக்தர்களை ஏற்றுகிறார்கள். 2007-ல் அங்கே நடந்த விபத்தும் உயிர்ப்பலியும் மறக்கக்கூடியதா? இன்றைக்கு ரோப் கார் நிறுத்தம் என்று உங்கள் பத்திரிகையிலேயே செய்தி வருகிறது, ஜனங்கள் படித்துவிட்டு வின்ச்சிலோ படியிலோ ஏறுகிறார்கள். முருகனையே ஒரு மணி நேரம் காக்க வைக்கலாம், பொருட்காட்சியை வைக்க முடியாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சான்றிதழில் மைதானத்தின் பெயர் இருக்க வேண்டும், பூட்டி முடித்ததற்குப் பிந்தின தேதி இருக்க வேண்டும். திறப்பதற்கு முந்தின நாள் எல்லா இருக்கையிலும் மணல் மூட்டை வைத்து, அதிகாரி முன்னிலையில், முழு வேகத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும். தினமும் காலையில் யார், எந்த எந்தப் பின்னைப் பார்த்தார் என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை டிக்கெட் கொடுக்கிற இடத்தில், தமிழில், ஜனங்கள் புரட்டிப் பார்க்கிற மாதிரி தொங்கவிட வேண்டும். பைலுக்குள் வைத்தால் அது மேனேஜருக்கு மட்டும்தான் பாதுகாப்பு. மழை பெய்து தகடு ஈரமானால் கப்பல் நிற்க வேண்டும், மிஸ்ட்டில் ஆபரேட்டருக்குக் கடைசிச் சீட்டு தெரியாவிட்டாலும் நிற்க வேண்டும். அந்தப் பையன்களுக்குத் தூங்க ஓர் அறை வேண்டும்.

ராட்டினமே கூடாது என்று சொல்கிற கிழவன் இல்லை நான். சின்ன வயசில் குன்னூர் தந்தி மாரியம்மன் திருவிழாவில் நாலு பெட்டி மர ராட்டினத்தில் சுற்றி, வாந்தி எடுத்து, மறுபடி ஏறியவன். அதைக் கையால் சுற்றியவர் கையாலேயே பிடித்து நிறுத்துவார். ஒவ்வொரு பிள்ளையின் முகமும் அவர் முகத்துக்கு நேரே வந்து போகும்.

மறுநாள் ஓர் அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். "பேப்பரெல்லாம் சரியா இருக்குங்க பெரியவரே, சீசன் நேரத்துல ஏனுங்க" என்றார்கள். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அதற்குக் குறை சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து நேரே மைதானத்துக்குப் போனேன். என் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஸ்பிளிட் பின் இருக்கிறது, எல்லா அளவிலும். ஓய்வு பெற்ற பிறகு கடையில் காசு கொடுத்து வாங்கியதுதான், ரயில்வேயுடையது அல்ல என்பதையும் இங்கே பதிந்துவிடுகிறேன். முந்தின நாள் கண்ணால் எடுத்த அளவுக்கு எட்டுப் பின் பொறுக்கி எடுத்துப் போயிருந்தேன். இன்னும் டிக்கெட் கொடுக்க ஆரம்பிக்கவில்லை. தேனிப் பையன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தான். நான் காட்டிய மாதிரியே ஒவ்வொன்றையும் போட்டு, ஒரு காலை இந்தப் பக்கம், ஒரு காலை அந்தப் பக்கம் மடக்கினான். கட்டுக்கம்பியைப் பிரித்தபோது ஆறில் இரண்டு அவன் விரலிலேயே ஒடிந்து வந்தது. அதை அவனே என்னிடம் காட்டினான், ஒன்றும் பேசவில்லை.

மே முடிந்ததும் பொருட்காட்சியைக் கழற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எந்த ஊர் என்று தெரிந்தால் சான்றிதழில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று அந்த ஊர் வாசகர் யாராவது பார்க்கட்டும். அந்த எட்டுப் பின்னும் கழற்றும்போது சேற்றில் விழாமல் இருந்தால், அதுவும் கூடவே போயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே பிட்டர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.